பெடலில் கால் இல்லை, பிரேக் மட்டும் பிடிக்கிறது

அடாப்டிவ் குரூஸில் (முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி) போகும்போது பிரேக் பிடிப்பது பம்பருக்குள் இருக்கும் ரேடார்தான் என்று ஊரில் பலரும் சொல்கிறார்கள். அது முன்னால் போகிற வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும், அவ்வளவுதான். குரூஸ் இவ்வளவு குறை என்று கேட்டால் குறைத்துக் கொடுப்பது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் யூனிட்டோடு சேர்ந்திருக்கும் பிரேக் கன்ட்ரோல் மாடியூல். இதை நேரில் பார்க்க, வண்டியின் கம்ப்யூட்டர் விவரங்களைப் போனில் காட்டும் ஓபிடி கருவியில் ஏபிஎஸ் விவரமும் காட்டுகிற ஒன்றை மாட்டி (மலிவானவை பெரும்பாலும் எஞ்சினோடு நின்றுவிடும்) ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் பக்கம் கிளம்பினோம். ஓட்டியது நான், போனைப் பார்த்தது மச்சான்.

80-ல் செட் பண்ணி ஒரு மீன் லாரிக்குப் பின்னால் விட்டேன். லாரி லேசாகக் குறைத்தபோதெல்லாம் எஞ்சின் இழுவையைக் குறைத்தே சமாளித்தது, பிரேக்கைத் தொடவில்லை. உச்சிப்புளி தாண்டி ஆடுகள் ரோட்டில் ஏற, லாரிக்காரர் அழுத்திப் பிடித்தார் பாருங்கள், அப்போதுதான் விஷயமே.

"பெடல்ல காலு வச்சியா?" என்று கேட்டான் மச்சான்.

"இல்லப்பா, கீழதான் இருக்கு."

போனில் பெடல் சுவிட்ச் ஆஃப், பெடலை மிதித்தால் ஏறும் மாஸ்டர் சிலிண்டர் பிரஷர் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனால் நாலு சக்கர வேகமும் மடமடவென்று இறங்குகிறது, பிரேக் லைட்டும் எரிகிறது. மாடியூல் தன் பம்பை ஓட்டி, வால்வுகளைத் திறந்து மூடி, அழுத்தத்தை நேராகச் சக்கரங்களுக்கு அனுப்புகிறது. எலக்ட்ரிக் பூஸ்டர் (பிரேக் அழுத்தத்துக்கு மோட்டாரால் பலம் கொடுப்பது) உள்ள வண்டியில் அந்த பூஸ்டரே அழுத்தும், எண்களும் வேறு மாதிரி வரும். 30-க்குக் கீழே என் வண்டியில் குரூஸ் கழன்றுகொள்ளும், அப்புறம் நம் கால்தான்.

இதற்கு எல்லையும் உண்டு. அடாப்டிவ் குரூஸுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15622-ன்படி, 72 கி.மீ. வேகத்துக்கு மேல் குரூஸ் தானாகக் குறைக்கும்போது, ஒவ்வொரு நொடியிலும் வேகம் சராசரியாக நொடிக்கு 3.5 மீட்டருக்கு மேல் குறையக் கூடாது. உயிர் போகிற அவசரத்துக்கான பிரேக் இது இல்லை.

வீட்டுக்கு வந்து, வண்டியை அணைத்துவிட்டு முன் இடது சக்கரத்தின் ஸ்பீடு சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன். சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கும் ஈஎஸ்சி (சறுக்கல் தடுப்பு) விளக்கும் எரிந்தன. குரூஸ் செட் ஆகவே இல்லை, ரேடாரில் ஒரு கோளாறும் இல்லாமலே. சக்கர வேகம் தெரியாத மாடியூல் பிரேக் வேலையை ஏற்காது, அது ஏற்காவிட்டால் குரூஸும் கிடையாது.

அந்த கனெக்டர் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது, உப்புக்காற்று வேலை. கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டினேன். கொஞ்சதூரம் ஓட்டியதும் விளக்குகள் அணைந்தன. மற்ற மூன்றையும் மழைக்கு முன்னால் கழற்றிப் பார்க்க வேண்டும்.