உப்புக்காற்றும் என் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிச் செயினும்

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செயினுக்காகவே ஒர்க்‌ஷாப்பில் 300, 400 என்று அழுதுகொண்டிருந்தேன். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் குடியிருந்தால் வண்டிக்கு உப்புக்காற்று பாதி எதிரி, மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் மீதி. போன ஞாயிற்றுக்கிழமை நானே துணிந்து உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், அரை டம்ளர் டீசல், கொஞ்சம் 90 நம்பர் கியர் ஆயில். தேய்க்கத் தேய்க்க டீக்கடைச் சாயம் மாதிரி துரு இறங்கியது, கூடவே தனுஷ்கோடி மணலும் (அங்கே போய் ஒரு மாதம் ஆகிறது!). துடைத்துக் காயவிட்டு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே செயினின் உள்பக்கம் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெளிப்பக்கம் ஊற்றினால் சட்டைக்குத்தான் போகும். இஞ்சினை ஓடவிட்டு மட்டும் இதைச் செய்யாதீர்கள், விரல் போய்விடும்.

மாட்டிக்கொண்டது, கழற்றிய செயினின் இரு முனைகளையும் இணைக்கிற செயின் லாக்கில்தான். அந்தக் குட்டி கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். நான் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "மாப்ள, இப்படியே பாம்பன் பாலத்துல ஏறுனா நடுவுல எறங்கி செயினைத் தேடணும்" என்றார். விசைப்படகு இஞ்சினையே பிரித்துப் போடுகிற ஆள். சரி என்று திருப்பி மாட்டினேன்.

பிரேக் ஷூவை மட்டும் தொடுவதாக இல்லை, அதற்கு மெக்கானிக்தான். அடுத்த வாரம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். யாரிடமாவது பிளக் ஸ்பேனர் இருந்தால் சொல்லுங்கள், மதியத்துக்குள் திருப்பித் தந்துவிடுகிறேன்.