தடியத்தேவரின் ஞானஸ்நானமும் ஓரியூர் மணலும்

புனித அருளானந்தரை, அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே கிறிஸ்தவம் போதித்த சேசு சபை (கத்தோலிக்கத் துறவற சபை) குரு ஜான் டி பிரிட்டோவை, ராமநாதபுரத்தில் வெட்டினார்கள் என்று இன்னமும் சிலர் எழுதுகிறார்கள். விசாரணைதான் அங்கே. தலை விழுந்தது ஓரியூரில், பாம்பாற்றுக் கரை மணல்மேட்டில், 1693 பிப்ரவரி 4 அன்று. அது கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.

இன்னொரு குழப்பம் உடையில். இவருக்கு முன் வந்த சேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலியைப்போல இவரும் பிராமண சந்நியாசி வேடம் பூண்டார் என்பார்கள். இல்லை. இவர் பண்டாரசாமி, அதாவது பிராமணரல்லாத துறவி வேடம். பிராமண சந்நியாசியாக வாழும் சேசு சபைக் குருவால் தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பக்கம் போக முடியாது. போனால் மேல்சாதியார் விலகிவிடுவார்கள். பண்டாரசாமிக்கு அந்தக் கட்டு குறைவு. காவி, தலைப்பாகை, சோறும் காய்கறியும், புலாலும் மதுவும் கிடையாது. லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பெத்ரோவோடு வளர்ந்த பிள்ளை ஏற்ற வாழ்க்கை இது.

அவரைக் கொல்லச் சொன்ன, ராமநாதபுரத்திலிருந்து மறவர் நாட்டை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதிக்கு மதவெறி என்று ஒரே வரியில் முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு, சித்திரவதைப்பட்டு, ராமநாதபுரம் வந்த அருளானந்தரை வரவழைத்துப் பேசி விடுவித்தவரும் இதே சேதுபதிதான். இனி இங்கே போதிக்கக் கூடாது என்று மட்டும் தடை. இடையில் ஐரோப்பா போன அருளானந்தரை, அப்போது அரசராகிவிட்ட பெத்ரோ அங்கேயே நிறுத்தப் பார்த்தார். அவரோ 1690இல் கோவா திரும்பி, மறுபடி மறவர் நாட்டுக்கே வந்தார்.

பிறகு வந்தது வீட்டு விவகாரம். நோயிலிருந்து பிழைத்த மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். திருச்சபை விதிப்படி ஒருவர்தான் இருக்கலாம். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுப்பெண். அவள் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போனாள். இரண்டே நாளில், 8ஆம் தேதி, அருளானந்தர் கைது.

தலைநகரில் கொன்றால் கலகம் மூளும் என்ற அச்சத்தால், நாடு கடத்துவதுபோல் ஓரியூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆண்ட சேதுபதியின் சகோதரருக்குக் கொல்லும்படி ரகசிய உத்தரவு. பிப்ரவரி 3 அன்று சிறையில் எழுதுகோலும் மையும் இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் கடைசிக் கடிதம் எழுதினார். மறுநாள் தலையை வெட்டியபின் கைகால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் மாட்டினார்கள்.

1853இல் அருளாளர் பட்டம், 1947 ஜூன் 22இல் புனிதர் பட்டம். லிஸ்பனில் அவர் பெயரில் பள்ளி உண்டு. சிவகங்கை மறைமாவட்டத்துக்குப் பாதுகாவலரும் அவரே. ஓரியூரில் சாதி, மதம் பாராமல் வந்து மொட்டை போடுகிறார்கள், கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். புலால் தொடாத பண்டாரசாமிக்குக் கிடா! அங்கே மண் சிவப்பு. அவர் ரத்தம்தான் என்பது மக்கள் நம்பிக்கை. திரும்பும்போது ஒரு பிடி முடிந்துகொண்டு போவார்கள்.