ஆறு வயதுக்கு ஒரு எட்டாம் வகுப்பு அண்ணன்

கனடாவின் கால்கரியில், எங்கள் வட்டாரத்துப் பொதுப் பள்ளியில் கிண்டர்கார்டன் முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லாம் ஒரே கட்டடம். எங்கள் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஆறு வரை எலிமென்டரி, ஏழிலிருந்து ஒன்பது வரை ஜூனியர் ஹை. பல இடங்களில் இரண்டும் தனித்தனிப் பள்ளிகள், ஆறு முடித்தால் பிள்ளைக்கு வேறு கட்டடம், வேறு பஸ், வேறு நண்பர்கள். பெரியவளுக்கு அந்த அலைச்சல் இல்லை என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் 2025 செப்டம்பரில் சின்னவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது, மீசை அரும்பும் பையன்கள் திமுதிமுவென்று ஓடுகிற வராந்தாவில் இவன் என்ன ஆவானோ என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

முதல் மாதமே அவனுக்கு வாசிப்புத் துணையாக ஓர் எட்டாம் வகுப்புப் பையனைச் சேர்த்துவிட்டார்கள். வாரம் ஒரு நாள் இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு. வீட்டுக்கு வந்தால் "அந்த அண்ணன்" பேச்சுதான்.

செப்டம்பர் 30 ஆரஞ்சுச் சட்டை தினம். அதை ஒட்டி எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை போட்டுப் போனார்கள். அன்று மாலை சின்னவன் எனக்கே விளக்கினான்: ஒரு குட்டிப் பொண்ணு, பாட்டி வாங்கித் தந்த புது ஆரஞ்சுச் சட்டை, ஸ்கூலுக்குப் போன முதல் நாளே பிடுங்கிக்கொண்டார்கள். ஃபிலிஸ் வெப்ஸ்டாட் என்ற பூர்வகுடிப் பெண்ணுக்கு 1973-ல், பிரிட்டிஷ் கொலம்பியாவில், பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த ஒரு உறைவிடப் பள்ளியில் நடந்தது அது. அப்போது அவருக்கும் ஆறு வயது. "யார் சொன்னா?" என்றேன். டீச்சர் சொன்னார்களாம், ஆனால் புரியாததை எல்லாம் அந்த அண்ணன்தான் திரும்பச் சொன்னானாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எந்த அளவு சொல்ல வேண்டும் என்று ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரிந்திருக்குமா என்று இன்னமும் யோசிக்கிறேன்.

அப்புறம் அக்டோபர் 6 வந்தது. மாகாணம் முழுக்கச் சுமார் 51,000 ஆசிரியர்கள் வேலைநிறுத்தம், பள்ளிகள் மூடல். சம்பளம் மட்டுமில்லை, ஒரு வகுப்பில் இத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எப்படிக் கவனிப்பது என்பதும் அவர்கள் கேட்ட கேள்வி. பெரியவளின் வகுப்பில் 30-க்கு மேல். நான் ஆசிரியர்கள் பக்கம்தான், அதில் எனக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் இந்த மாதிரி ஜோடி சேர்த்துவிடுவதை எந்தப் பாடத்திட்டமும் தானாகச் செய்யாது. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பிள்ளை சரிப்படும் என்று பார்த்துச் சேர்க்க ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும். கடைசியில் அரசு சட்டம் போட்டு அவர்களைத் திரும்ப வரவைத்தது. வகுப்பின் அளவு அப்படியேதான் இருந்தது.

மூன்று வாரத்துக்கு மேல் வீட்டில் கிடந்த சின்னவன் டீச்சரைக்கூட அவ்வளவு கேட்கவில்லை. "அண்ணன் புக்மார்க்கை எங்க வெச்சானோ" என்பதுதான் கவலை. அக்டோபர் 29 புதன்கிழமை காலை, நான் கையை விடுவதற்குள் உருவிக்கொண்டு, அந்தப் பெரிய பையன்களின் கூட்டத்துக்குள்ளேயே ஓடிவிட்டான்.