இப்போதே போடவா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளவா?

ஐரோப்பாவில் ஓடும் ரயில்களுக்கு டிக்கெட்டை முன்பே எடுப்பதா என்று இரண்டு நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, லண்டன் போகும் யூரோஸ்டார் இரண்டும் விமான டிக்கெட் மாதிரிதான், நாள் நெருங்க நெருங்க பெரும்பாலும் விலை ஏறும், இருக்கை முன்பதிவும் கட்டாயம், அதனால் இன்றைக்கே போட்டுவிட்டேன். சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான உள்நாட்டு ரயில்களுக்கு முன்பதிவே வேண்டாம், சரி, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குழப்பம் ஜெர்மனியில்தான். ஸ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் எடுத்தால் அதில் குறித்த விரைவு ரயிலில்தான் ஏற வேண்டும். விமானம் இறங்கும் நாளுக்கு மட்டும் எதையும் போடவில்லை, தாமதமானால் காசு போச்சு! அப்புறம், மழை பெய்தால் ஊரை மாற்றிக்கொள்ள ஒரு நாளைச் சும்மா விட்டிருக்கிறேன், வீட்டில் அதற்குத்தான் இன்னும் திட்டு.