அலுவலகப் பிரிண்டருக்கு ஃபர்ம்வேர் ஏற்றிய சனிக்கிழமை

நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஒரே லேசர் பிரிண்டர். புதிதாக வாங்கிய இரண்டு கம்ப்யூட்டர்களில் பிரிண்ட் வந்தது. ஸ்கேன் செய்தது மட்டும் ஃபோல்டரில் வந்து விழவில்லை. நோண்டிப் பார்த்ததில், எங்கள் பிரிண்டருக்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறை மட்டும்தான். விண்டோஸ் 10-இல் 2017 கடைசியிலிருந்தே அது தானாக நிறுவப்படுவதில்லை. "அதைத் திரும்ப ஆன் பண்ணிடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் சர்வீஸ்காரர். அதே 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் ஊரெல்லாம் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். கிளையன்ட் கணக்கெல்லாம் கிடக்கும் இடத்தில் எனக்கு மனசு வரவில்லை. தயாரிப்பாளரின் தளத்தில், அடுத்த பதிப்பான எஸ்எம்பி 2 சேர்த்த ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள், இருந்தது. சரி, ஏற்றிவிடுவோம்.

பயம் கரன்ட் மேல்தான். பாதியில் போனால் பிரிண்டர் அப்புறம் எழுந்திருக்காமலே போகலாம். "யுபிஎஸ்ல மாட்டிடேன்பா" என்றார் சார். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் சூடேறும்போது ஆயிரம் வாட் பக்கம் இழுக்கும். எங்கள் 600 விஏ பெட்டி கீச்சென்று கத்திவிட்டு அணைந்துவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இல்லை என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு உட்கார்ந்தேன்.

இன்னொரு கவலை ரீஃபில் டோனர். சில அப்டேட்டுகளுக்குப் பிறகு, கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப் அசல் இல்லை என்றால் பிரிண்டர் ஏற்க மறுக்கும். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பவும் பல மாடல்களில் வழியில்லை. வெளியீட்டுக் குறிப்பில் அப்படி ஒன்றும் தென்படவில்லை. ஆனாலும் ஓர் அசல் கார்ட்ரிட்ஜை வாங்கி வைத்துக்கொண்டேன். சார் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டாம்.

முதலில் பிரிண்டரின் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடித்தேன். ஃபர்ம்வேர் பதிப்பு, ஐபி முகவரி எல்லாம் அதில் வந்துவிடும். பிறகு லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, யுஎஸ்பி வழியாக என் லேப்டாப்பை மட்டும் இணைத்தேன். வீட்டிலிருந்து ரிமோட்டில் யாராவது பிரிண்ட் கொடுத்தாலும் நடுவில் வந்து நுழையாது.

அறுபது சதவீதத்துக்கு மேல் போய் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றது. கை பவர் பட்டன் பக்கம் போகாமல் இருக்க எழுந்து போய் டீ குடித்தேன். திரும்பி வந்தபோது தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. மொத்தம் ஏழு நிமிடம். 'அசல் டோனர் இல்லை' என்று ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

கேபிளை மாட்டியதும் ஆறு கம்ப்யூட்டரிலும் 'ஆஃப்லைன்'. நாங்கள் கையால் கொடுத்து வைத்திருந்த 192.168.1.50 என்ற ஐபி முகவரி அழிந்து, ரௌட்டர் கொடுத்த 192.168.1.23-இல் போய் உட்கார்ந்திருந்தது பிரிண்டர். ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய் மாற்றுவதைவிட, அச்சடித்து வைத்த தாளைப் பார்த்துப் பிரிண்டருக்கே பழைய எண்ணைத் திரும்பக் கொடுத்தேன். ரௌட்டரிலும் அதன் மேக் முகவரிக்கு, அதாவது கருவிக்கென்றே இருக்கும் அடையாள எண்ணுக்கு, அந்த ஐபி எண்ணை ஒதுக்கி வைத்தேன். அட்மின் பாஸ்வேர்டும் காலியாகியிருந்தது, புதிது போட்டேன்.

ஸ்கேன் முகவரிப் பட்டியல் மட்டும் அந்தத் தாளில் இல்லை. பதினான்கு பெயரையும் பிரிண்டரின் குட்டித் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி முடிக்க இரவு ஒன்பதானது. புதுக் கம்ப்யூட்டர் ஃபோல்டரில் முதல் ஸ்கேன் வந்து விழுந்தது: என் டீக்கடை பில்.