குதிரை இன்சூரன்ஸ்: பிரீமியம் ஏறும்போது எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது

ரினீவல் கடிதம் வந்ததும் எல்லோர் கண்ணும் போவது கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகைக்கு. அதை மட்டும் பார்த்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. அந்தத் தொகைக்குள் நாலைந்து காப்பீடுகள் ஒளிந்திருக்கின்றன: குதிரை இறந்தால் அல்லது திருடுபோனால் ஒன்று, மருத்துவச் செலவுக்கு ஒன்று, வேலைக்கு உதவாமல் போனால் ஒன்று, மூன்றாம் நபருக்கு நேரும் சேதத்துக்கு ஒன்று, சேணம் சாமான்களுக்கு ஒன்று. குதிரை ஏற்றும் வண்டிக்குத் தனி பாலிசி. ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் ஏறுகிறது. முதலில் போன் போட்டு, எந்தப் பகுதிக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் பேரமே.

பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அதிகமாக ஏறியிருப்பது மருத்துவச் செலவுப் பகுதிதான். குதிரை நொண்டினால் முன்பெல்லாம் எக்ஸ்ரே, ஸ்கேன், ஓய்வு, அவ்வளவுதான். 2000-களின் தொடக்கத்தில் குதிரைக்கு முழு மயக்கம் கொடுக்காமல், நிற்க வைத்தே எடுக்கும் எம்ஆர்ஐ வந்தது. குளம்புக்குள் இருக்கும் தசைநார்க் காயத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது. நல்லதுதான், ஆனால் பார்த்துவிட்டால் வைத்தியமும் செய்தாக வேண்டும். வயிற்றுப் புண்ணும் அப்படித்தான். எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தை எழுதுகிறார்கள். வழக்கமான அளவு கிலோ எடைக்கு 4 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 2 கிராம், மொத்தம் 56 கிராம் மருந்து. முடிந்ததும் புண் ஆறிவிட்டதா என்று மறுபடி எண்டோஸ்கோப். இப்படிப்பட்ட நடுத்தர பில்கள் நிறைய வருவதுதான் பிரீமியத்தைத் தள்ளுகிறது. போதாததற்கு, காப்பீடு எடுத்த குதிரைகளின் எண்ணிக்கை கார்களோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவுதான். அதனால் நாலு பெரிய கிளெய்ம் வந்தாலே எல்லோருடைய விகிதமும் நகர்ந்துவிடும்.

ஆனால் ஆளைக் கவிழ்ப்பது நடுத்தர பில் இல்லை, கோலிக் என்ற கடும் வயிற்றுவலிக்குச் செய்யும் அறுவைச் சிகிச்சை. குதிரைக்கு வாந்தி வராது. இருபது மீட்டர் அளவுக்கு நீளும் சிறுகுடல், அதிகம் பிடிமானமில்லாமல் கிடக்கும் பெருங்குடல். முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். வயதான குதிரைக்கு வயிற்றுக்குள் வளரும் கொழுப்புக் கட்டியின் காம்பு குடலைச் சுற்றி இறுக்கும் ஆபத்து வேறு. வயிற்றைத் திறந்த பிறகு பில் நிற்காது. சும்மா இருக்கும் 500 கிலோ உடம்புக்கே நாளொன்றுக்கு 25 முதல் 30 லிட்டர் நீர் தேவை. அதை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், இழந்ததை ஈடுகட்ட அதற்கு மேலும் ஏற்ற வேண்டும், இரவு பகலாக ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எனவே மருத்துவப் பகுதியை வெட்டுவதென்றால், கோலிக் அறுவை முழுதாக அடங்கும் உச்சவரம்புக்குக் கீழே போகாதீர்கள். பக்கத்துக் குதிரை மருத்துவமனையில் அறுவைக்கும் பிந்தைய கவனிப்புக்கும் சேர்த்து என்ன ஆகும் என்று இப்போதே கேட்டுக் குறித்துவையுங்கள். அந்த எண்தான் உங்கள் வரம்பு.

வரம்பைக் குறைப்பதைவிட எக்ஸஸை, அதாவது கிளெய்மில் நீங்களே ஏற்கும் குறிப்பிட்ட தொகையை, கூட்டுவது மேல். மூன்று அளவு எக்ஸஸுக்கும் விலை கேளுங்கள். எக்ஸஸை 10 அலகு கூட்டினால் பிரீமியம் வருடத்துக்கு 2 அலகு குறைகிறது என்றால், ஐந்து வருடம் கிளெய்ம் வராமல் இருந்தால்தான் கணக்கு நேராகும். 4 அலகு குறைந்தால் யோசிக்கவே வேண்டாம், கூட்டிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எக்ஸஸ் பொதுவாக வருடத்துக்கு ஒரு முறை கிடையாது, நோய்க்கு ஒரு முறை. ஒரே வருடத்தில் கண்ணில் காயமும் காலில் சீழும் வந்தால் இரண்டு எக்ஸஸ். பல பாலிசிகளில் இதோடு, பில்லில் ஒரு சதவீதத்தை நீங்களே கட்டும் பங்குத்தொகையும் உண்டு. பில் 100, எக்ஸஸ் 10, பங்கு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் எக்ஸஸைக் கழித்தால் மீதி 90-இல் 18. உங்கள் கையிலிருந்து 28 போகும். முதலில் பங்கைக் கழித்துப் பிறகு எக்ஸஸ் என்றால் 30. எது முதலில் என்பது பாலிசியின் சின்ன எழுத்தில் இருக்கும். பரிசோதனைகளுக்கு மட்டும் தனி உச்சவரம்பு வைத்திருக்கிறார்களா என்பதையும் அங்கேயே தேடுங்கள். மொத்த வரம்பு பெரிதாகத் தெரியும், எம்ஆர்ஐ எடுத்ததும் பரிசோதனை வரம்பு தீர்ந்துபோயிருக்கும்.

இனி எல்லோரும் விழும் குழி. வேறு நிறுவனம் மலிவாகச் சொல்கிறது என்று மாறுவது. குதிரைக்கு இதுவரை வந்த எல்லாமே புது நிறுவனத்துக்குப் 'பழைய நோய்'. காத்திருப்புக் காலமும் முதலிலிருந்து தொடங்கும். நோய்க்கு 14 நாள் என்று பலர் வைத்திருக்கிறார்கள். பழைய இடத்தில் ஒரு நோய்க்கு முதல் அறிகுறியிலிருந்து 12 மாதம் வரை செலவு தருவார்கள் என்றால், ஆறாவது மாதத்தில் மாறும்போது மீதி ஆறு மாதமும் பல பாலிசிகளில் போய்விடும். பழைய இடத்திலேயே இருந்தாலும், அந்தக் கணக்கு முடிந்ததும் அதே காலை, சில சமயம் நான்கு காலையும் விலக்குப் பட்டியலில், அதாவது இனிப் பணம் தரமாட்டோம் என்ற பட்டியலில், சேர்த்துவிடுவார்கள். பிரீமியமும் ஏறியிருக்கும். குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதை.

விலக்கு நிரந்தரம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது சும்மா விடவேண்டிய விஷயம் இல்லை. அறிகுறியும் சிகிச்சையும் இல்லாமல் ஒரு வருடம் கழிந்ததும், மருத்துவரிடம் நேர்நடை, வட்டநடை பார்த்து, காலை மடக்கிப் பிடித்துவிட்டு நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று பார்க்கும் மடக்குச் சோதனையும் செய்ததாக ஒரு கடிதம் வாங்கி, விலக்கை எடுக்கச் சொல்லி எழுதுங்கள். 'முதுகு' என்று பொதுவாகப் போட்டிருந்தால், எந்தக் கண்டறிதலின் அடிப்படையில் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது மருத்துவக் குறிப்பில் போகிறபோக்கில் எழுதப்பட்ட ஒரு வரியாக இருக்கும். தடுப்பூசி போட வந்தவரிடம் 'கொஞ்ச நாளாக முதுகு இறுக்கமாக இருக்கிற மாதிரி...' என்று நீங்கள் சொன்னது, அவர் எழுதிக்கொண்டது. கிளெய்ம் வரும்போது நிறுவனம் கேட்பது முழு மருத்துவக் குறிப்பையும்தான். மறைக்கச் சொல்லவில்லை, மறைத்தால் பாலிசியே செல்லாமல் போகும். பரிசோதனை செய்து ஒன்றுமில்லை என்றால் அதையும் அதே குறிப்பில் எழுதச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இறப்புக் காப்பீட்டின் பிரீமியம் என்பது காப்பீட்டுத் தொகையின் இத்தனை சதவீதம் என்ற நேர்க்கணக்கு. இங்கேதான் எளிதாகக் குறைக்கலாம். வாங்கிய வருடத்தில் போட்ட தொகையை அப்படியே வைத்துப் பத்து வருடம் கட்டுபவர்கள் உண்டு. குதிரைக்கு வயது ஏறிவிட்டது, போட்டியை விட்டுவிட்டது. சந்தை மதிப்பு இறங்கிவிட்டது. நிறுவனம் பொதுவாகத் தருவது சந்தை மதிப்பு, காப்பீட்டுத் தொகை இரண்டில் குறைவானதைத்தான். மேலே கட்டியது வீண். தாண்டல் போட்டியிலிருந்து சாதாரண சவாரிக்கு மாறியிருந்தால் பயன்பாட்டு வகுப்பையும் மாற்றச் சொல்லுங்கள், விகிதமே இறங்கும். தலைகீழாக, பயிற்சி பெற்று மதிப்பு ஏறிய இளங்குதிரைக்குத் தொகையைக் கூட்டாமல் விடுவதும் தவறு.

இந்தப் பகுதியில் கிளெய்ம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, கருணைக்கொலை. வேதனை தாங்கமுடியாமல், வைத்தியத்துக்கும் வழியில்லாமல், உடனே செய்தாக வேண்டிய நிலை என்று மருத்துவர் எழுதினால்தான் முன் அனுமதியில்லாமலும் பணம் வரும். மற்ற எந்த நிலையிலும் முதலில் நிறுவனத்தின் அனுமதி. தசைநார் அறுந்து இனிப் போட்டிக்கு ஆகாது, ஆனால் புல்வெளியில் நிம்மதியாக இருக்கும் என்ற குதிரையை முடித்தால் இறப்புக் காப்பீடு தராது. இரண்டு, உடலை அப்புறப்படுத்திவிடுவது. பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று நிறுவனம் சொல்லும்வரை உடல் அங்கேயே இருக்க வேண்டும். குதிரையின் உடலில் பதித்த மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணை மருத்துவர் ரீடரில் படித்துச் சான்றிதழில் எழுத வேண்டும். நள்ளிரவில் இதெல்லாம் நினைவுக்கு வராது. பாலிசி எண், அவசரத் தொலைபேசி எண், சிப் எண் மூன்றையும் ஒரே அட்டையில் எழுதி லாயத்தில் ஒட்டிவையுங்கள்.

வேலைக்கு உதவாமல் போனால் என்ற பகுதியை, குதிரையை வைத்துப் பிழைப்பு நடத்தாதவர்கள் முதலில் வெட்டலாம். விலை அதிகம், நிரூபிப்பது கடினம், பல பாலிசிகளில் மதிப்பின் ஒரு பகுதிதான் கிடைக்கும். சேணம், கடிவாளத்துக்கு வீட்டுக் காப்பீட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடவே கூடாதது மூன்றாம் நபர் பொறுப்பு. வேலி தாண்டிய குதிரை இருட்டில் சாலைக்கு வந்து ஒரு கார் மோதினால், வரும் இழப்பீடு குதிரையின் விலையோடு சம்பந்தமே இல்லாதது. மற்ற எல்லாப் பகுதியிலும் உங்கள் நஷ்டத்துக்கு ஒரு எல்லை உண்டு, இதற்குக் கிடையாது. இத்தனைக்கும் பெரும்பாலும் மிகவும் மலிவான பகுதி இதுதான். இருபது வயதுக் குதிரைக்கு எல்லாவற்றையும் நிறுத்தினாலும் இதை நிறுத்தாதீர்கள்.

வண்டிக்கு வருவோம். குதிரை லாரியின் உடல் கையால் கட்டியது. பக்கச் சுவரில் ஒரு இடி பட்டால் கடையில் வாங்கி மாட்டும் பாகம் கிடையாது. கட்டுபவரிடம் வாரக்கணக்கில் நிற்கும். சரக்கு வேனை வாங்கிக் குதிரை வண்டியாக மாற்றியிருந்தால், மாற்றியதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். 'வேன்' என்று மட்டும் பதிவான பாலிசி, விபத்தன்று வெறும் காகிதம்.

பலரும் கவனிக்காதது எடை. மொத்த எடை 3500 கிலோ வரை அனுமதி உள்ள ஒரு சிறிய லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். காலி எடை 2400. ஓட்டுநர், கூட ஒருவர், 150. சேணம், வைக்கோல், 40 லிட்டர் தண்ணீர், எல்லாம் சேர்த்து 100. தலா 500 கிலோவில் இரண்டு குதிரை, 1000. கூட்டினால் 3650. இரண்டு குதிரை ஏற்றலாம் என்று விற்ற வண்டி, இரண்டு குதிரை ஏறியதும் சட்டவிரோதம். பிரேக் தூரம் நீண்டு விபத்து நடந்தால் நிறுவனம் முதலில் கேட்பது எடையைத்தான். விற்பவர் சொன்னதை விடுங்கள். டீசல் நிரப்பி எடைமேடையில் ஏற்றி, சீட்டை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

அடுத்தது தரை. உளுத்துப்போன தரை உடைந்து, ஓடும் வண்டியில் குதிரையின் கால் கீழே இறங்குவதைவிடக் கொடியது வேறில்லை. அதற்குக் காப்பீடும் வராது, தேய்மானமும் உளுப்பும் வழக்கமான விலக்கு. ரப்பர் விரிப்பு மேலே பளபளவென்று இருக்கும், மூத்திரம் அடியில் தேங்கி நிற்கும். மாதம் ஒரு முறை விரிப்பை முழுதாக வெளியே எடுத்து, கழுவி, காய விடுங்கள். மரத்தரையென்றால் தட்டை முனை ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்னங்கால் நிற்கும் இடம், சுவரோர விளிம்பு, ரேம்ப் (குதிரை ஏறி இறங்கும் சாய்பலகை) பக்கத்து ஓரம் மூன்றிலும் அழுத்துங்கள். முனை சுலபமாக இறங்கினால் அந்தப் பலகை முடிந்தது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பலகை குறுக்குச் சட்டத்தில் உட்காரும் இடத்தையும் குத்திப் பாருங்கள். அலுமினியத்தரை உளுக்காதே என்பவர்களுக்கு: அது அரிக்கும். வெள்ளைப் பொடியும் ஊசிக்குழியும் தெரிந்தால் அதுதான். ஒவ்வொரு முறையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பராமரிப்பு இல்லை என்று சர்வேயர் சொல்லும்போது பேசுவது அந்தப் படங்கள்தான்.

குதிரை டிரெய்லரின் டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகிச் சாகிறது. பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஆறு வருடம் கடந்திருந்தால் டயரின் பட்டன் (மேற்பரப்பு வரிமேடு) எவ்வளவு இருந்தாலும் மாற்றுவது நல்லது. சக்கரம் மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டி நட்டுகளை, குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபாருங்கள். வழியில் நிறுத்தும்போதெல்லாம் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைக் கிட்டக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக்.

டிரெய்லர் இழுக்கும் காரின் பாலிசி, மாட்டியிருக்கும்போது மற்றவர்களுக்கு நேரும் சேதத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கும். டிரெய்லரின் சொந்தச் சேதம், கழற்றி நிறுத்தியிருக்கும்போது திருட்டு, உள்ளே இருக்கும் குதிரை மூன்றும் அதில் இருக்காது. திருட்டுக்கு எந்த வகைப் பூட்டு என்று பாலிசியிலேயே எழுதியிருப்பார்கள். இணைப்புப் பூட்டும் சக்கரப் பூட்டும் கேட்டிருந்தால் இரண்டும் போட்டிருக்க வேண்டும். சேஸி எண்ணைப் படம் எடுத்துவையுங்கள். நண்பரின் குதிரையை ஏற்றி டீசல் காசு வாங்கினாலே சில நிறுவனங்கள் அதை வாடகைத் தொழிலாகப் பார்க்கும். கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக வழியில் பழுது. காருக்கான சாதாரண உதவிச் சேவை உயிருள்ள குதிரையோடு வண்டியை இழுக்காமல் போகலாம். குதிரையை வேறு வண்டியில் ஏற்றி லாயம் வரை கொண்டுசேர்ப்பதும் சேர்ந்ததா என்று கேட்டு எடுங்கள். உதவி வரும்வரை, தீயோ புகையோ இல்லாதவரை, நெடுஞ்சாலை ஓரத்தில் ரேம்பை இறக்காதீர்கள். வண்டிக்குள் பதறும் குதிரை வண்டிக்குள்தான் இருக்கும். வெளியே வந்து கை நழுவினால், மேலே சொன்ன அந்த எல்லையில்லாத கணக்கு தொடங்கிவிடும்.