நீலத்தைக் குறைத்தது யார்? என் ப்ராஜெக்ட் வைவா அனுபவம்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில் நான் எடுத்த தலைப்பு, வளைய பெப்டைடுகளின் காப்பர் அணைவுச் சேர்மங்கள், அதாவது அமினோ அமிலங்கள் வளையமாகக் கோர்த்த சின்ன மூலக்கூறுகள் ஒரு காப்பர் அயனியைப் பிடித்துவைத்திருக்கும் சேர்மங்கள். உடலில் உண்டாகும் சூப்பர்ஆக்ஸைடு என்ற, எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் அயனியை அழிப்பது சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் நொதி. அதன் வேலையை இந்தச் சின்ன மூலக்கூறுகள் செய்யுமா என்று பார்க்க வேண்டும். சென்னையில் இதே ஆய்வுப் பக்கம் வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் நொதியைப் படித்துவிடுங்கள். 1969-இல் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் அதன் வேலையைக் கண்டறிந்தார்கள். உள்ளே காப்பரை நான்கு ஹிஸ்டிடின்கள் (ஒரு வகை அமினோ அமிலம்) பிடித்திருக்கும். அவற்றில் ஒன்று பக்கத்திலுள்ள ஜிங்கையும் பிடித்திருக்கும். பெப்டைடில் ஹிஸ்டிடின் வைப்பது இதற்காகத்தான். சரி, வளையம் எதற்கு? திறந்த பெப்டைடு என்றால் முனையிலுள்ள அமினோ தொகுதியே காப்பரைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். வளையத்துக்கு முனையே கிடையாது. அது எப்படி மடங்கும் என்று புரிய, பெப்டைடுச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் தெரிந்திருக்க வேண்டும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது, 1963-இல் வெளியான அந்த வேலை நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது என்று பார்த்து அவ்வளவு பெருமையாக இருந்தது.

இனி முக்கியமான இடம். சாந்தீன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, சாந்தீனை யூரிக் அமிலமாக்கும்போது சூப்பர்ஆக்ஸைடையும் உண்டாக்கும். அந்த சூப்பர்ஆக்ஸைடு, என்.பி.டி. என்ற வெளிர்மஞ்சள் சாயத்தை நீலமாக்கும். அந்த நீலத்தை 560 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளக்கிறோம். சேர்மம் சூப்பர்ஆக்ஸைடை அழித்தால் நீலம் குறையும். என் குவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சின்னக் குப்பி) நீலம் ஏறவே இல்லை. அந்த மகிழ்ச்சியோடு வைவாவுக்குப் போனேன்.

"நீலத்தைக் குறைத்தது உங்கள் சேர்மமா, அதிலிருந்து கழன்ற காப்பரா?" என்று கேட்டார் தேர்வாளர்.

வெறும் காப்பர் அயனியே சூப்பர்ஆக்ஸைடை மிக வேகமாகச் சிதைக்கும். என்னிடம் பதில் இல்லை. திருத்தித் தரச் சொல்லிவிட்டார்கள்.

அதனால் முதல் வாரத்திலேயே இவற்றைச் செய்துவிடுங்கள். அதே செறிவில் காப்பர் சல்பேட்டை மட்டும் வைத்து ஒரு அளவீடு. அப்புறம் ஈ.டி.டி.ஏ. சேர்த்து ஒன்று: கழன்ற காப்பரை அது கட்டிப்போடும், தளர்வான சேர்மத்திலிருந்தும் காப்பரைப் பிடுங்கிவிடும். இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் சேர்மம் சாந்தீன் ஆக்ஸிடேஸையே முடக்கினாலும் நீலம் குறையும். யூரிக் அமிலம் வழக்கம்போல் உருவாகிறதா என்று 295 நானோமீட்டரில் பாருங்கள். டிரிஸ் தாங்கல் கரைசல் வேண்டாம், அதுவே காப்பரோடு சேரும்.

மறுபடி செய்தபோது ஒரு சேர்மத்தில் ஈ.டி.டி.ஏ. விழுந்ததும் நீலம் முழுசாகத் திரும்பியது. இரண்டு ஹிஸ்டிடின் உள்ள வளையத்தில் மட்டும் பாதிக்கு மேல் நீலம் வராமலே நின்றது. ஆய்வேட்டில் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.